நாள் முழுதும் பேருந்து நிலையத்தில் நிற்கும் மிதிவண்டிக்கு எந்தப் பூட்டு?

கேள்வி, 05.01.2025

தருமபுரியை அடுத்த ஊரிலிருந்து நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் மிதிவண்டியில் வந்து, பேருந்து நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு வேலைக்குச் செல்கிறேன். காலை 8 மணிக்கு நிறுத்திய வண்டியை இரவு 7 மணிக்குத்தான் எடுக்க முடிகிறது. சென்ற மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கியர் வண்டி வாங்கியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் அது களவு போய்விடும் என்கிறார்கள். விலை உயர்ந்த பூட்டாக ஒன்றை வாங்கிவிட்டால் கவலை இல்லை என்பது என் எண்ணம். எந்தப் பூட்டு வாங்கலாம்?

05.01.2025, இரவு 9.50

பூட்டின் விலையை முதலில் பார்த்ததால்தான் நான் இரண்டு வண்டிகளை இழந்தேன். ஆகவே விலையை ஓரமாக வைத்துவிட்டு, பூட்டு எதை எதனோடு பிணைக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நானும் குமாரசாமிப்பேட்டையிலிருந்து மிதிவண்டியில் வந்து அதே பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு, பதினான்கு ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரிக்குப் போய்வருபவன். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லை என்பதால் நமக்குப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. ஓசூர்ப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் தருமபுரி ரயில் நிலையத்தில் வண்டியை விடுகிறார்கள்; அவர்கள் பாடும் நம் பாடுதான்.

வண்டி வாங்கும்போதே பின்சக்கரத்தின் மேல் பொருத்தித் தருகிறார்களே, அந்த வட்டப் பூட்டைப் பற்றி முதலில் ஒரு சொல். சாவியைத் திருகினால் அதிலுள்ள கம்பி சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்கு இடையே புகுந்து சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்தும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. வண்டியை அது எதனோடும் கட்டுவதில்லை. 2012இல் மருத்துவமனை வாசலில் நான் விட்டிருந்த வண்டியின் பின்பக்கத்தை ஒருவன் கேரியரைப் பிடித்துத் தூக்கியபடி முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போனதை எதிர்க்கடைக்காரர் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பாவம், யாரோ சாவியைத் தொலைத்துவிட்டார் என்று அவர் நினைத்தாராம்.

இரண்டாவது வண்டிக்குப் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிப் பூட்டு வாங்கினேன். அந்தக் காலத்தில் அதற்கு முந்நூறு ரூபாய் கொடுத்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முன்சக்கரத்தையும் இரும்புக் கிராதியையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தபோது முன்சக்கரமும் பூட்டும் கிராதியில் பத்திரமாக இருந்தன.

ஆகவே என் விடை இதுதான்: பின்சக்கரம், பிரேம், அசையாத ஒரு பொருள் ஆகிய மூன்றும் ஒரே பிணைப்பில் வர வேண்டும். நம் பேருந்து நிலையத் தூண்கள் பருத்தவை என்பதால் 'யு' வடிவப் பூட்டு அவற்றைச் சுற்றி வராது. நீளமான சங்கிலிதான் வேண்டும். வட்டப் பூட்டையும் கழற்ற வேண்டாம். இரண்டு வகைப் பூட்டு இருந்தால் இரண்டு வகைக் கருவி தேவைப்படும். அதற்குள் பக்கத்து வண்டி திருடனின் கண்ணில் பட்டுவிடும். பக்கத்து வண்டிக்காரருக்கு நான் சொல்லும் ஆறுதல் எதுவும் இல்லை.

06.01.2025, காலை 6.15

இரண்டு வண்டிகள் என்று எழுதியிருந்தேன். மூன்று என்று வீட்டில் திருத்தினார்கள். மூன்றாவது மகளின் வண்டி. அது திருட்டுத்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

09.01.2025, இரவு 10.20

எண் பூட்டு போதாதா, சாவி தொலையும் தொல்லை இல்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வளையம் கொண்ட எண் பூட்டில் மொத்தம் ஆயிரம் எண்கள்தான் வரும். நொடிக்கு ஒன்று என்று சுழற்றினால் பதினேழு நிமிடத்திற்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். நான்கு வளையம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் மலிவான பூட்டுகளில் இவ்வளவு பொறுமையும் தேவையில்லை. என்னிடம் கிடந்த பழைய மூன்று வளையப் பூட்டை நேற்று எடுத்து, இரு முனைகளையும் இறுக இழுத்துப் பிடித்தபடி ஒவ்வொரு வளையமாகத் திருப்பிப் பார்த்தேன். சரியான எண்ணுக்கு வரும்போது வளையம் லேசாகச் சிக்கிக்கொள்வது விரலுக்குத் தெரிகிறது. ஐம்பத்திரண்டு வயதில், கண்ணாடியைத் தேடிய நேரத்தைக் கழித்துவிட்டால், நான்கு நிமிடத்தில் திறந்துவிட்டேன்.

சாவிப் பூட்டு என்றாலே பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் 'யு' பூட்டுகளில் வட்டத் துளைச் சாவி கொண்டவற்றைச் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் திருகியே திறக்க முடியும் என்பது வெளியாகி, அந்நிறுவனம் பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பூட்டின் உடல் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் சாவித் துளையும் அதே தரத்தில் இருந்தாக வேண்டும்.

சங்கிலி வாங்கும்போது ஒரு சிறிய அரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு கண்ணியின் ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துத் தூள் உதிர்ந்தால் அது சாதா இரும்பு, வெட்டுக் கத்தரிக்கு உடனே பணிந்துவிடும். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதப்படுத்திய எஃகு. கிணற்று வாளிச் சங்கிலி தடிமனாகத் தெரிந்தாலும் முதல் வகைதான். பிளாஸ்டிக் உறைக் கம்பிப் பூட்டு அதைவிட மோசம். என் பழைய பூட்டை அறுத்துப் பார்த்தேன். வெளியே விரல் தடிமன் இருந்தது, உள்ளே இருந்த முறுக்குக் கம்பியோ பென்சிலைவிட மெல்லியது. நான் முந்நூறு ரூபாய் கொடுத்தது பெரும்பாலும் பிளாஸ்டிக்கிற்குத்தான்.

12.01.2025, பிற்பகல் 3.30

உங்களுடையது கியர் வண்டி என்பதை முதல் குறிப்பில் நான் போதுமான அளவு கருதவில்லை. அவ்வகை வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்தையும் சீட்டையும் கருவி இல்லாமல் கையாலேயே கழற்றும்படி நெம்புகோல் பொருத்தியிருப்பார்கள். அது ஓட்டப் பந்தயக்காரருக்கு வசதி. பேருந்து நிலையத்தில் திருடனுக்கு வசதி. மெக்கானிக்கிடம் சொன்னால் அந்த நெம்புகோல் அச்சை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டுப் போட்டுக் கொடுப்பார். அதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல பூட்டின் விலையில் சிறு பங்குதான்.

வண்டியைக் கொஞ்சம் அழகு குறைத்து வையுங்கள் என்றும் சொல்வேன். பளபளப்பான பிரேமின் மேல் பழைய டியூபைக் கிழித்துச் சுற்றினால் கீறலும் விழாது, பார்ப்பவர் கண்ணும் நிற்காது. என் வண்டியின் சீட்டுக்கு மனைவி சிவப்பு வெல்வெட்டுத் துணியில் குஞ்சம் வைத்து ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். அந்த உறையோடு ஓட்டுவதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் திருடனுக்கும் இருக்கும் என்று நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. வண்டியைத் தலைகீழாகத் திருப்பினால், பெடல் சுழலும் அச்சுக் குழாயின் அடியில் எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் அது சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ ஹேண்டில் பாருக்குக் கீழே முன்பக்கத்திலோ இருக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் சேசிஸ் நம்பர் என்பார்கள். அதைத் துடைத்துப் படம் எடுத்து வையுங்கள். அடுத்து, ஒரு தாளில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, பாலித்தீனில் சுருட்டிச் சீட்டுத் தண்டுக் குழாய்க்குள் போட்டு வையுங்கள். நான் பல ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிட்டேன். சேசிஸ் எண்ணைப் படம் எடுப்பது மட்டும் பாக்கி. அடியில் சேறு அப்பியிருக்கிறது, கழுவிவிட்டு எடுக்க வேண்டும்.

19.01.2025, காலை 11.00

கட்டண ஸ்டாண்டில் விட்டால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். விடலாம், நானும் மழைக்காலத்தில் விடுகிறேன். அங்கே தொங்கும் 'வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைப் பார்த்துவிட்டுப் பலர் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவ்வளவு எளிதன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் பாதுகாக்கும்படி ஒப்படைத்த பொருளை ஏற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளுக்குக் காட்டும் அளவு கவனத்தை அதற்கும் காட்ட வேண்டும். 151ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைக்கப்பட்ட கார் 1998இல் களவுபோன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவிலிருந்து தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது.

ஆனால் அந்த வழக்கில் சாவி கைமாறியது. நாம் ஸ்டாண்டில் சாவியைக் கொடுப்பதில்லை, டோக்கன் மட்டும் வாங்குகிறோம். ஆகவே இது ஒப்படைப்பா, வெறும் இடவாடகையா என்று வாதாட இடம் இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்லன். நடைமுறையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டோக்கனை வண்டியிலேயே சொருகிவிட்டுப் போகாதீர்கள். ஹேண்டில் பாரில் செருகிய டோக்கனை எடுத்து நீட்டுபவனுக்கே ஸ்டாண்டுக்காரர் வண்டியை விடுவார். அதில் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

02.02.2025, மாலை 5.45

மகளின் வண்டியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய அத்திட்டம் 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஒரே ஆண்டில் கொடுக்கப்பட்ட வண்டிகள் ஒரே நிறம், ஒரே கூடை, ஒரே பூட்டு. பள்ளி விட்டதும் இருநூறு வண்டிகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடுவது திருவிழாவில் செருப்பைத் தேடுவதைப் போன்றது.

ஒருநாள் மகள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தது வேறொரு பெண்ணின் வண்டி. கூடையில் கிடந்த சிறிய டப்பாவைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அவளுடைய சாவி அந்தப் பூட்டை எந்தத் தடையும் இல்லாமல் திறந்திருக்கிறது! மலிவான வட்டப் பூட்டுகளில் சாவியின் வெட்டு வகைகள் மிகக் குறைவு. தேய்ந்த சாவியாக இருந்தால் இன்னும் பல பூட்டுகளைத் திறக்கும். மறுநாள் அந்த வண்டியைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டோம். எங்கள் வண்டி மட்டும் திரும்பவே இல்லை. எங்கோ ஒரு வீட்டில் அதுவும் இப்படி அறியாமல் போய்ச் சேர்ந்து, திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு நிற்கிறது என்றே இன்றும் நினைக்கிறேன். வீட்டில் இதைத் திருட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள், நான் சேர்ப்பதில்லை. பிள்ளைகள் வண்டி வைத்திருப்பவர்கள் வாங்கிய அன்றே மட்கார்டின் உட்புறத்தில் எனாமல் பெயிண்டால் பெயரை எழுதிவிடுங்கள்.

16.02.2025, இரவு 8.30

என் முதல் குறிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை வெள்ளிக்கிழமை கண்டுகொண்டேன்.

அரை நாள் விடுப்பில் பிற்பகல் இரண்டு மணிக்கே தருமபுரிக்குத் திரும்பிவிட்டேன். சங்கிலியின் சாவி அலுவலக மேசையிலேயே தங்கிவிட்டது. திரும்பவும் கிருஷ்ணகிரிக்குப் போய்வர மனமில்லாமல், எதிரே உள்ள வன்பொருள் கடையில் ஹாக்சா பிளேடும் பிடியும் வாங்கிக்கொண்டு வந்து வண்டியின் அருகே அமர்ந்தேன். சளி பிடித்திருந்ததால் முகக்கவசம் வேறு போட்டிருந்தேன். சங்கிலிக் கண்ணியில் பிளேடு வழுக்கியது. அரம் காட்டிய சோதனை பொய்யில்லை என்று ஒரு மகிழ்ச்சி. பிறகுதான் சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்திருந்த பூட்டு கண்ணில் பட்டது. அது வீட்டில் பழைய தகரப் பெட்டிக்குப் போட்டிருந்த சிறு பித்தளைப் பூட்டு. அதன் வளையத்தில் பிளேடை வைத்ததும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஆயிரம் ரூபாய்ச் சங்கிலியின் வலிமை அந்த வளையத்தின் வலிமைதான். சங்கிலிக்கு இணையான பூட்டு வாங்காவிட்டால் சங்கிலியே வேண்டாம்.

நான் அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நாற்பது ஐம்பது பேராவது என்னைக் கடந்து போயிருப்பார்கள். ஒருவர் நின்று, பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்று சொல்லித் திருப்பி மாட்டியும் கொடுத்தார். யாரும் அது யாருடைய வண்டி என்று கேட்கவில்லை. வளையம் அறும் கடைசி நேரத்தில் பக்கத்துப் பூக்கடைக்கார அம்மா எழுந்து வந்து, "ஏய், யார்ரா நீ? அந்த சார் கிருஷ்ணகிரியில இருந்து ஏழு மணிக்குத்தான் வருவாரு, கைய எடு" என்று சத்தம் போட்டார். நான்தான் அந்த சார் என்று முகக்கவசத்தை இறக்கிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. பதினான்கு ஆண்டுகளாக அவருக்கு வண்டிதான் தெரியும், என் முகம் தெரியாது. சீட்டுறையைத் தைத்த துணியில் மீந்த துண்டைத்தான் என் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே விரித்திருக்கிறோம் என்றெல்லாம் நான் சொல்லிய பிறகும், வட்டப் பூட்டின் சாவியைப் போட்டுத் திறந்து காட்டியபோதுதான் விட்டார்.

இந்த இழையில் நான் பூட்டைப் பற்றி எழுதிய அளவுக்கு இடத்தைப் பற்றி எழுதவில்லை. ஆள் நடமாட்டம் வேறு, ஆள் கண் வேறு. நடமாட்டம் உள்ள இடம் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தேன். நாள் முழுதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய பார்வையில் வண்டியை விடுவதுதான் பாதுகாப்பு.

17.02.2025, காலை 7.05

நான் பூட்டை அறுத்த இடத்தையும் நேரத்தையும் இங்கே எழுதியது திருடர்களுக்கு உதவியாகாதா என்று ஒருவர் கேட்கிறார். திருடர்கள் இவ்வளவு நீளமாகப் படிக்க மாட்டார்கள்.

09.03.2025, பிற்பகல் 1.10

வண்டி போய்விட்டது. காலை உழவர் சந்தைக்குப் போனேன். கீரையும் அவரைக்காயும் வாங்கப் பத்து நிமிடம்தான் ஆகும் என்று வட்டப் பூட்டை மட்டும் போட்டேன். புதுச் சங்கிலியும் புதுப் பூட்டும் சீட்டுத் தண்டில் அழகாகச் சுற்றியபடி இருந்தன. அவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன்.

10.03.2025, இரவு 9.15

காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு ஏற்புச் சீட்டு, அதாவது சி.எஸ்.ஆர். வாங்கியிருக்கிறேன். முதலில் கேட்ட கேள்வி, "சேசிஸ் நம்பர் என்ன?" என்பது. ஜனவரி 12ஆம் தேதிக் குறிப்பைப் படித்தவர்களுக்கு என் நிலை புரியும். சேறு இன்னும் கழுவப்படவில்லை, படமும் எடுக்கப்படவில்லை. வாங்கிய ரசீதைக் காட்டினேன். அதில் இருந்தது வண்டி வகையின் எண், இந்த வண்டியின் எண் அன்று. வீட்டுக்கு வந்து பீரோவைக் கவிழ்த்துத் தேடியதில் உத்தரவாத அட்டை கிடைத்தது. அதன் மூலையில் கடைக்காரர் சேசிஸ் எண்ணை எழுதியிருந்தார். மறுபடியும் போய்ச் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் வண்டியும் என் வண்டியும் சட்டத்தின் முன் சற்று வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. என் வண்டி அந்த வரம்புக்குக் கீழே, உங்களுடையது மேலே. காப்பீடு எடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். மட்டும் போதாது, முதல் தகவல் அறிக்கை கேட்பார்கள். அதன் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை.

என் அப்பா காலத்தில் மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டி, எண் பொறித்த தகர வில்லையை வண்டியில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாமல் பிடிபட்டு அவர் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி குறுக்கு வழியில் ஓடிய கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இன்று வண்டியின் எண்ணும் உடையவரின் பெயரும் சேர்ந்திருக்கும் ஒரே தாள் கடைக்காரர் கிறுக்கிய அட்டைதான். ஜப்பானில் 1994 முதல் ஒவ்வொரு மிதிவண்டியையும் களவுத் தடுப்புக்காகப் பதிவு செய்து, அதன் வில்லையைப் பிரேமில் ஒட்டுவது கட்டாயம். வரி இல்லாமல் வில்லை மட்டும் கொடுத்தால் நான் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

15.03.2025, காலை 10.40

ஏர்டேக் வைத்திருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கும் என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். பொருள் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டுவதற்காக 2021இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த அந்தச் சிறு வில்லையில் ஜிபிஎஸ் இல்லை. அருகே செல்லும் ஐபோன்கள் அதன் புளூடூத் அலையைப் பிடித்து, அது எங்கே இருக்கிறது என்பதைத் தெரிவிக்கின்றன. பெங்களூரில் நொடிக்கொரு ஐபோன் கடக்கும். பென்னாகரம் சாலையில் ஒரு புளியமரத்தடியில் நிற்கும் வண்டியை எத்தனை ஐபோன்கள் கடக்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள். மேலும், பிறரை மறைவாகப் பின்தொடரப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, தெரியாத வில்லை ஒன்று உடன் வருகிறது என்று எடுத்துச் செல்பவரின் கைப்பேசிக்கே எச்சரிக்கை வரும், திருடனுக்கும் வரும். பன்னிரண்டாயிரம் ரூபாய் வண்டிக்கு வைக்கலாம், தவறில்லை. அதை வைத்துவிட்டுப் பூட்டாமல் போகாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நான் பேசத் தகுதியற்றவன் என்று தெரியும்.

28.03.2025, இரவு 11.00

வண்டி கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதில் என் அறிவுரை பாதி வென்று பாதி தோற்றிருப்பதால் முழுதும் எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு மெக்கானிக்கிடம் சீட்டைத் தாழ்த்தித் தரச் சொல்லி ஒருவர் வண்டியை விட்டிருக்கிறார். துருப்பிடித்து இறுகிய தண்டை அவர் எண்ணெய் விட்டு உருவியபோது பாலித்தீன் சுருள் ஒன்று கீழே விழுந்திருக்கிறது. அதில் இருந்த எண்ணுக்கு அவர் உடனே பேசியிருக்கிறார். எடுத்தவர் சேலத்தில் ஒருவர். தமக்கு மிதிவண்டியே கிடையாது என்று வைத்துவிட்டாராம். நான் அந்த எண்ணை 2019இலேயே விட்டுவிட்டேன். அது வேறொருவருக்குப் போய்விட்டது. நல்லவேளையாகத் தாளில் பெயருக்குக் கீழே தெருவையும் பேட்டையையும் எழுதியிருந்தேன். மெக்கானிக்கின் தங்கை வீடு அடுத்த தெரு. மாலையில் அவருடைய மருமகன் வந்து கதவைத் தட்டினார்.

ஆகவே ஜனவரிக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். எண் மட்டும் போதாது, முகவரியும் வேண்டும். எண் மாறினால் தாளும் மாற வேண்டும்.

30.03.2025, மாலை 4.20

வண்டியை விட்டுச் சென்றவர் திருடன் அல்லர். கட்டட வேலைக்கு வந்த சித்தாள் ஒருவர். நாள்தோறும் வேலையிடத்துக்கு நடக்க முடியாமல், டீக்கடையில் அறிமுகமான ஒருவனிடம் எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். விற்றவன் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. சங்கிலியும் பூட்டும் வண்டியோடு வரவில்லை என்பதால் அவற்றை அவன் தனியாக விற்றிருப்பான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதும் குற்றமே. அதற்கு அதே சன்ஹிதாவில் 317ஆம் பிரிவு இருக்கிறது. காவல் நிலையத்தில் அவரை உட்கார வைத்து விசாரித்தபோது, அவர் தரையைப் பார்த்தபடி, "எழுநூறுக்கு சைக்கிள் வராதாங்க?" என்று கேட்டார். அவர் அறிந்த சந்தையில் வரும்தான். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்தால் என் வண்டிக்கு அந்த எழுநூறுகூட வந்திருக்காது.

நான் அவர் மேல் புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டேன். அவருடைய எழுநூறு போனது போனதுதான். பாதியை நான் கொடுத்திருக்கலாமோ என்று அன்று இரவு தோன்றியது. கொடுத்தால் திருடனுக்கு நானே பாதி விலை கொடுத்ததாகாதா என்றும் தோன்றியது. இரண்டு நாளாகியும் எனக்கு விடை தெரியவில்லை. பழைய வண்டி வாங்குபவர்கள் விற்பவரின் பெயர், முகவரி, சேசிஸ் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பமிடத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். இதை அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

06.04.2025, இரவு 8.00

கேள்வி கேட்டவர், பதப்படுத்திய சங்கிலியும் அதற்குத் தக்க பூட்டும் வாங்கி, முன்சக்கரத்துக்கு நட்டும் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். சாவித் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். மழைநீர் இறங்காது, சுத்தியலால் அடிக்கவும் வாகாக இராது. சீட்டுத் தண்டுக்குள் தாள் போட்டீர்களா என்று சொல்லவில்லை.

என் வண்டியின் சேறு கழுவப்பட்டுவிட்டது. சேசிஸ் எண் கைப்பேசியிலும் மகளின் கைப்பேசியிலும் இருக்கிறது. உத்தரவாத அட்டையோடு ஒப்பிட்டதில் கடைக்காரர் ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருந்தது தெரிந்தது; காவல் நிலையத்தில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். சிவப்புச் சீட்டுறை போனது போனதுதான் என்பதால், சாமி படத்துக்குக் கீழே இருந்த துண்டை எடுத்து மனைவி வேறொன்று தைத்துக் கொடுத்தாள்.

நாளை முதல் மீண்டும் பேருந்து நிலையத்தில் அதே தூண். இன்று மாலையே போய்ப் பூக்கடைக்கார அம்மாவிடம் என் பெயர், அலுவலகம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் பூக்கட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் சார், உங்க சைக்கிள் எது?" என்றார்.